எளிய ராக் தாளம் (டிரம்ஸ் தொடக்கநிலை)

எளிய ராக் தாளம் என்பது டிரம்ஸ் கற்கத் தொடங்கும் மாணவர்கள் பெரும்பாலும் முதலில் பழகும் தாள அமைப்பு ஆகும். நான்கு எண்ணிக்கை கொண்ட ஒரு சுற்றை மேலை இசையில் ‘பார்’ என்பர். இத்தாளத்தில் ஒரு பாரில் ஹை-ஹாட் எட்டு முறையும், பேஸ் டிரம் இரண்டு முறையும், ஸ்னேர் டிரம் இரண்டு முறையும் ஒலிக்கின்றன. இப்படித் திரும்பத் திரும்ப வரும் தாளச் சுற்றுக்கு ‘க்ரூவ்’ என்று பெயர். லண்டன் டிரினிட்டி கல்லூரியின் இனிஷியல் நிலை, ராக்ஸ்கூலின் டெபியூ நிலை போன்ற தொடக்கத் தேர்வுகளுக்கு ஆயத்தமாகும் மாணவருக்கு இதுவே அடித்தளம்.

அமைப்பு

எண்ணிக்கை: 1 + 2 + 3 + 4 +
ஹை-ஹாட்: ● ● ● ● ● ● ● ●
ஸ்னேர்: – – ● – – – ● –
பேஸ் டிரம்: ● – – – ● – – –

இதை ‘ஒன் அண்ட் டூ அண்ட் த்ரீ அண்ட் ஃபோர் அண்ட்’ என வாய்விட்டு எண்ணுவது வழக்கம். கூட்டல் குறி ‘அண்ட்’ வரும் இடம். ஐந்து கோட்டு இசைக்குறிப்பில் ஹை-ஹாட் பெருக்கல் குறியாக மேற்கோட்டுக்கு மேலேயும், ஸ்னேர் மேலிருந்து இரண்டாம் இடைவெளியிலும், பேஸ் டிரம் அடி இடைவெளியிலும் எழுதப்படும்.

2, 4 ஆகிய எண்ணிக்கைகளில் விழும் ஸ்னேர் அடி ‘பேக்பீட்’ எனப்படுகிறது. மிருதங்கமோ தவிலோ கற்ற மாணவருக்கு எட்டு அடிகளைக் கணக்கிடுவது கடினமாக இராது. ஆனால் அழுத்தம் சமத்தில் விழும் என்று பழகிய கைக்கு, அது 2-இலும் 4-இலும் விழுவது முதலில் தலைகீழாகத் தோன்றலாம்.

மைக்கேல் ஜாக்சனின் ‘த்ரில்லர்’ தொகுப்பில் (1982) உள்ள ‘பில்லி ஜீன்’ பாடல் இத்தாளத்துக்குச் சிறந்த சான்று. அதில் டிரம்ஸ் வாசித்தவர் லியோன் ‘என்டுகு’ சான்ஸ்லர். பாடலின் தொடக்கத்தில் சில நொடிகள் டிரம்ஸ் மட்டும் தனித்துக் கேட்கும். மேலே உள்ள படத்தில் இருப்பதற்கு மேல் அங்கு ஏறக்குறைய எதுவும் இல்லை. எளிய தாளம் என்றால் தரம் குறைந்த தாளம் என்று நினைப்பவர்கள் அதை ஒருமுறை கேட்க வேண்டும்.

பழகும் முறை

வலக்கைப் பழக்கம் உள்ளவர் வலக்கையை இடக்கைக்கு மேலாகக் கொண்டுசென்று ஹை-ஹாட்டையும், இடக்கையால் ஸ்னேரையும், வலக்காலால் பேஸ் டிரம்மையும் வாசிப்பார். இடக்கால் ஹை-ஹாட்டின் இரு தட்டுகளையும் மூடிப் பிடித்திருக்கும்.

மூன்று உறுப்புகளையும் ஒரே நாளில் சேர்க்க முயல்வதால்தான் பலர் சோர்ந்து போகிறார்கள். மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 துடிப்பில் வைத்து, முதலில் ஹை-ஹாட்டை மட்டும் வாசிக்க வேண்டும். இந்த வேகத்தில் இரண்டு அடிகளுக்கு இடையே அரை நொடி இருக்கும். அது சீரான பின் 1, 3-இல் காலைச் சேர்க்கலாம். அடுத்து காலை நிறுத்திவிட்டு 2, 4-இல் ஸ்னேரை மட்டும் சேர்க்கலாம். கடைசியில்தான் மூன்றும் ஒன்றாக. பேஸ் டிரம், ஸ்னேர் ஆகியவற்றின் ஒவ்வோர் அடியும் ஹை-ஹாட்டின் ஏதோ ஓர் அடியுடன் சேர்ந்தே விழுகிறது. தனியாக எதுவும் விழுவதில்லை. இது புரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

இரண்டு அடிகள் ஒரே நொடியில் விழ வேண்டிய இடத்தில் ‘ட-டக்’ என இரட்டை ஒலி கேட்டால் கைகள் இன்னும் இணையவில்லை என்று பொருள். அப்போது வேகத்தைக் கூட்டக் கூடாது. கைப்பேசியில் பதிவு செய்து கேட்டால் இக்குறை உடனே தெரியும். வாசிக்கும்போது பெரும்பாலும் தெரியாது. ஹை-ஹாட் மற்ற இரண்டையும் விட மெல்ல ஒலிக்க வேண்டும் என்பதையும் பதிவுதான் நினைவூட்டும்.

வீட்டில் டிரம் செட் இல்லாதவர் இரு தொடைகளிலும் கையாலும் தரையில் காலாலும் இதைப் பழகலாம். ஒலி அழுத்தத்தை அப்படிக் கற்க முடியாது. ஒருங்கிணைப்பைக் கற்க முடியும்.

ஃபில்

நான்காவது அல்லது எட்டாவது பாரின் முடிவில் தாளத்தை விட்டு விலகி வாசிக்கும் சிறு அலங்காரம் ‘ஃபில்’ ஆகும். நான்காம் எண்ணிக்கையில் ஸ்னேரில் வலம்-இடம்-வலம்-இடம் என நான்கு சம அடிகள் அடித்து, அடுத்த பாரின் 1-இல் கிராஷ் தட்டையும் பேஸ் டிரம்மையும் சேர்த்து அடிப்பது எளிய வகை. தொடக்கநிலை மாணவர் பலர் இடறுவது இங்குதான். அடிகள் கூடும்போது கை தானாக விரைகிறது, அடுத்த 1 முன்னதாகவே விழுந்துவிடுகிறது. எனவே ஃபில்லைத் தனியாகப் பழகாமல், மூன்று பார் தாளம், ஒரு பார் ஃபில், மீண்டும் தாளம் எனத் தொடர்ச்சியாகவே பழக வேண்டும்.

தேர்வில்

டிரினிட்டி தேர்வுகள் சென்னையிலும் நடைபெறுகின்றன. மொத்த மதிப்பெண் 100, தேர்ச்சிக்கு 60. ராக் அன்ட் பாப் பிரிவில் மாணவர் பின்னணி இசையுடன் சேர்ந்து வாசிக்க நேரும். பின்னணி இசை யாருக்காகவும் காத்திராது. ஆகவே ஓர் அடி தவறினால் நின்று திருத்த முயல்வது ஒரு சிறு பிழையை முழுப் பாடலின் பிழையாக்கிவிடும். ஹை-ஹாட்டை நிறுத்தாமல் தொடர்ந்து, அடுத்த 1-இல் காலைச் சேர்த்துக்கொள்வதே வழி. இதற்காகவே பயிற்சியின்போது வேண்டுமென்றே ஓர் அடியை விட்டு, மீண்டும் இணைந்து பார்க்கலாம்.

தேர்வறையில் உள்ள டிரம் செட் பழகிய செட்டாக இராது. வாசிக்கத் தொடங்குமுன் இருக்கையின் உயரத்தையும் ஹை-ஹாட்டின் தூரத்தையும் சரிசெய்து கொள்வது நல்லது.