ஈ-மெயிலில் எச்சரிக்கை வந்தால்

கேரளத்தில் கொச்சி நகரின் ஒரு பகுதி மட்டாஞ்சேரி. மிளகு, ஏலக்காய், சுக்கு வணிகத்துக்குப் பெயர் பெற்ற இடம். 1957ஆம் ஆண்டு அங்கே மிளகுக்கு முன்பேர வணிகம் தொடங்கியது. பின்னால் தரப்போகும் சரக்குக்கு இன்றே விலை பேசுவதுதான் முன்பேர வணிகம். தரகர்கள் ஒரே கூடத்தில் கூடினார்கள். உரக்கக் கூவி விலை சொன்னார்கள். பேசுபவர் யார் என்று எல்லோருக்கும் தெரிந்தது.

பிறகு கம்ப்யூட்டர் வந்தது. இப்போது விலை விசாரிப்பு, சரக்குப் பட்டியல், வங்கிக் கணக்கு எண் எல்லாம் ஈ-மெயிலில் போகின்றன. எதிரில் இருப்பவரின் முகம் தெரியாது. குரல் கேட்காது. எதை நம்புவது? இதற்கு உதவுவதுதான் பாதுகாப்புச் சான்றிதழ்.

சான்றிதழ் என்றால் என்ன?

ஒரு மிளகுக் கடையில் கம்ப்யூட்டர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கிருந்து போகும் ஈ-மெயில் முதலில் வேறொரு கம்ப்யூட்டருக்குப் போகும். அதற்கு சர்வர் என்று பெயர். அது அஞ்சல் நிலையம் போன்றது. கடைக் கம்ப்யூட்டர் தொடர்பு கொண்டதும், சர்வர் தன் சான்றிதழைக் காட்டும். அதில் மூன்று விவரங்கள் முக்கியம்.

சர்வரின் பெயர் என்ன? சான்றிதழ் எந்த நாள் வரை செல்லும்? அதை வழங்கியது யார்?

மூன்றும் சரியாக இருந்தால், போகும் செய்தி பூட்டப்படும். வழியில் யாரும் படிக்க முடியாது. ஒன்று தவறினாலும் திரையில் எச்சரிக்கை வரும்.

அவசரத்தில் பலர் "பரவாயில்லை" என்று பொத்தானை அழுத்திவிடுகிறார்கள். நடுவில் திருடன் இருந்தால், பாஸ்வேர்டு என்னும் ரகசியச் சொல் அவன் கைக்குப் போய்விடும். பிறகு அவன் கடைக்காரர் பெயரிலேயே ஈ-மெயில் எழுதுவான். "பணத்தை வேறு கணக்கில் போடுங்கள்" என்பான். ஒரு லாரி மிளகின் பணம் போய்விடும்.

காரணத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

எல்லா எச்சரிக்கையும் திருட்டு அல்ல. சிறு கோளாறாகவும் இருக்கலாம். வரிசையாகப் பார்க்க வேண்டும்.

1. தேதி: கம்ப்யூட்டருக்குள் காசு வடிவில் சிறு பேட்டரி உண்டு. அது தீர்ந்தால் தேதி பல ஆண்டுகள் பின்னால் போய்விடும். அப்போது நல்ல சான்றிதழும் செல்லாததாகத் தெரியும். தேதியைத் திருத்த வேண்டும். பேட்டரியை மாற்ற வேண்டும்.

2. காலாவதி: சான்றிதழின் நாள் முடிந்திருக்கலாம். அதை ஈ-மெயில் வசதி தரும் நிறுவனம்தான் புதுப்பிக்க வேண்டும். அவர்களுக்குச் சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

3. பெயர்: கம்ப்யூட்டரில் பதிந்த சர்வர் பெயரில் ஓர் எழுத்து தவறியிருக்கலாம். நிறுவனம் தந்த பெயருடன் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட வேண்டும்.

4. வழங்கியவர்: நம்பத்தக்க நிறுவனங்களின் பட்டியல் கம்ப்யூட்டரில் இருக்கும். பழைய கம்ப்யூட்டரில் பட்டியலும் பழையது. 2021 செப்டம்பர் 30 அன்று, பல இணையதளங்கள் சார்ந்திருந்த ஒரு மூலச் சான்றிதழ் காலாவதியானது. பழைய கருவிகள் பலவற்றில் எச்சரிக்கை வந்தது. அப்டேட் செய்தால் பட்டியல் புதிதாகும்.

5. இணைப்பு: ஓட்டல், ரயில் நிலையம் போன்ற இடங்களின் இலவச வைஃபையாலும் எச்சரிக்கை வரலாம். அதை விட்டுவிட்டுச் சொந்த மொபைல் இணைப்பில் பார்க்க வேண்டும். எச்சரிக்கை மறைந்தால், கோளாறு அந்த வைஃபையில்தான்.

இவ்வளவுக்குப் பிறகும் எச்சரிக்கை வந்தால் பாஸ்வேர்டு தரக் கூடாது. நிறுவனத்துக்குப் போன் செய்ய வேண்டும். பழைய ரசீதில் உள்ள எண்ணையே பயன்படுத்த வேண்டும்.

சான்றிதழ் மட்டும் போதுமா?

சான்றிதழ் வழங்கும் இடத்திலேயே தவறு நடந்ததும் உண்டு. 2014 ஜூலையில், இந்திய அரசின் தேசிய தகவலியல் மையம் வழியாகக் கூகுள் பெயரில் முறையற்ற சான்றிதழ்கள் வெளிவந்தது தெரிந்தது. அந்த மையத்தின் சான்றிதழ் வழங்கும் உரிமைச் சான்றுகளைக் கட்டுப்பாட்டு அதிகாரி உடனே ரத்து செய்தார்.

இன்னொன்றும் உண்டு. சான்றிதழ் காப்பது ஈ-மெயில் போகும் வழியை மட்டுமே. எழுதியவர் நல்லவரா என்று அது சொல்லாது. "வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்று ஈ-மெயில் வந்தால், தெரிந்த எண்ணுக்குப் போன் செய்து கேட்க வேண்டும். குரலைக் கேட்ட பிறகே பணம் அனுப்ப வேண்டும்.

பேசிப் பார்ப்போம்

1. சான்றிதழில் உள்ள மூன்று முக்கிய விவரங்கள் எவை?
2. தேதி தவறினால் எச்சரிக்கை ஏன் வருகிறது?
3. உங்கள் ஊரில் ஈ-மெயிலால் பணம் இழந்தவர் உண்டா? அது எப்படி நடந்தது?