சாவி கொடுத்தால் பேசும் வானொலி

கடிகாரத்திற்குச் சாவி கொடுப்பதை நாம் அறிவோம். வானொலிக்கும் சாவி கொடுக்கலாம் என்றால் வியப்பாகத்தான் இருக்கும். ஆயினும் அஃது உண்மை.

1991ஆம் ஆண்டில், ஆப்பிரிக்காவில் எய்ட்ஸ் நோய் பரவுவதைப் பற்றிய தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றை இங்கிலாந்தைச் சேர்ந்த டிரெவர் பேலிஸ் கண்டார். நோயைத் தடுக்கும் வழியை வானொலியால் எங்கும் பரப்பலாம். ஆனால் சிற்றூர்களில் மின்சாரம் இல்லை. மின்கலமோ ஏழைக்கு எட்டாத விலை. என் செய்வது? கையின் உழைப்பையே மின்சாரமாக்கலாம் என எண்ணினார் அவர்.

கைப்பிடியைத் திருகினால் உள்ளிருக்கும் சுருள்வில் இறுகுகிறது. அது மெல்லத் தளரும்போது பல்சக்கரங்கள் சுழல்கின்றன. அவை சிறிய மின்னாக்கி ஒன்றை விரைந்து சுழற்றுகின்றன. பிறக்கும் மின்சாரம் சிறிதே. டிரான்சிஸ்டர் வானொலிக்கு அதுவே போதும். அவருடைய முதல் மாதிரி 14 நிமிடம் ஒலித்தது. பின்னர் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரில் இக்கருவிகள் செய்யப்பட்டன.

பிற்கால வகைகளில் சுருள்வில் இல்லை. திருகினாலும் வெயிலில் வைத்தாலும் உள்ளிருக்கும் மின்கலம் மின்னேற்றம் பெறும். வண்டியையே வீடாக்கிக்கொண்டு ஊர்சுற்றுவோர்க்கும் இன்று இது வழித்துணை ஆகிறது. அவர்க்கு இது பொழுதுபோக்கு. மின்சாரம் எட்டாத சிற்றூரார்க்கோ உயிர் காக்கும் செய்தி. கருவி ஒன்று, பயன் இரண்டு.