லேத் பெல்ட்டை மாற்றினீர்களா? கம்ப்யூட்டரிடமும் சொல்லுங்கள்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பிரிண்டர், ஸ்கேனர், வெப் கேமரா என்று ஒவ்வொன்றாக இணைத்துப் பார்ப்பது வழக்கம். எங்கள் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் லேத் பட்டறை வைத்திருக்கும் சிலருக்குச் சிறிய சி.என்.சி. லேத்தையும் கம்ப்யூட்டரில் இணைக்க ஆசை. அவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது ஸ்பின்டில் வேகம் பற்றித்தான். "எஸ் 500 என்று டைப் செய்தால் 500 சுற்றில்தானே ஓட வேண்டும்? ஏன் ஓடுவதில்லை?"

ஸ்பின்டில் என்றதும் ராஜபாளையத்துக்காரருக்கு மில்தான் ஞாபகம் வரும். ராஜபாளையம் மில்ஸ் 1936ல் தொடங்கிய ஊர் இது. நூற்பு மில்லில் ஸ்பின்டில் என்பது நூல் சுற்றும் கதிர். ஒரே ரிங் பிரேமில் நூற்றுக்கணக்கில் இருக்கும். லேத்தில் ஒன்றே ஒன்றுதான். வேலைப்பொருளைப் பிடிக்கும் சக் மாட்டப்பட்ட தண்டுக்குத்தான் இங்கே அந்தப் பெயர். இரண்டிலும் மோட்டாருக்கும் ஸ்பின்டிலுக்கும் நடுவே ஒரு பெல்ட் உண்டு. சிக்கல் அங்கேதான்.

மில்லில் இருந்தே ஒரு கணக்கு பார்ப்போம். கதிர் நிமிடத்துக்கு 18,000 சுற்று சுற்றுகிறது, முன் ரோலர் நிமிடத்துக்கு 20 மீட்டர் நூலை வெளியே விடுகிறது என்றால் ஒரு மீட்டரில் 900 முறுக்கு விழும். கதிரைச் சுற்றும் டேப் லூசாகி 5 சதவீதம் வழுக்கினால் 855 முறுக்குதான். மோட்டார் சரியாகவே ஓடும், மீட்டரும் சரியாகவே காட்டும். நூல் மட்டும் வலுக் குறைந்துவிடும். லேத்திலும் இதே கதைதான், ஆனால் இங்கே ஆளுக்கே ஆபத்து உண்டு.

சிறிய லேத்தில் பொதுவாக மோட்டாரில் ஒரு படிப் புல்லியும் ஸ்பின்டிலில் ஒரு படிப் புல்லியும் இருக்கும். மோட்டார் புல்லியின் படிகள் 60, 90, 120 மி.மீ. விட்டம் என்றும், ஸ்பின்டில் புல்லி அதற்கு எதிர்மாறாக 120, 90, 60 என்றும் வைத்துக்கொள்ளுங்கள். எந்த ஜோடியைக் கூட்டினாலும் 180 வருகிறது பாருங்கள். ஒரே நீளப் பெல்ட் மூன்று இடத்திலும் பொருந்த வேண்டும் என்பதற்கான ஏற்பாடு இது. மோட்டார் 1440 சுற்று ஓடினால் முதல் இடத்தில் ஸ்பின்டில் 720, இரண்டாவதில் 1440, மூன்றாவதில் 2880 சுற்று ஓடும்.

கம்ப்யூட்டரிலேயே வேகத்தை மாற்றலாமே, பெல்ட்டை ஏன் தொட வேண்டும் என்று கேட்பீர்கள். கம்ப்யூட்டர் மோட்டாரின் டிரைவுக்கு "முழு வேகத்தில் இத்தனை சதவீதம் ஓடு" என்று மட்டுமே சொல்கிறது. டிரைவ் மூலம் வேகத்தைப் பாதியாக்கினால் மோட்டாரின் முறுக்குவிசை கூடுவதில்லை. கிடைக்கும் பவர்தான் பாதியாகிறது. மோட்டாரின் மின்விசிறியும் மெதுவாகச் சுற்றுவதால் சூடு ஏறும். அதே பாதி வேகத்தைப் பெல்ட் மாற்றி எடுத்தால் ஸ்பின்டிலில் முறுக்குவிசை இரண்டு மடங்கு கிடைக்கும். 40 மி.மீ. இரும்புக் கம்பியை எச்.எஸ்.எஸ். டூலில் நிமிடத்துக்கு 28 மீட்டர் வெட்டு வேகத்தில் கடைய சுமார் 223 சுற்று போதும். 10 மி.மீ. கம்பிக்கு 891 சுற்று வேண்டும். முதல் வேலையை மூன்றாவது புல்லியில் வைத்துக்கொண்டு டிரைவைக் குறைத்துச் செய்தால் மோட்டார் திணறி நின்றுவிடும்.

இப்போது முக்கியமான விஷயம். பிரிண்டர் டிரேயில் லீகல் பேப்பரை வைத்துவிட்டு பிரிண்ட் டயலாக் பாக்ஸில் ஏ4 என்று தேர்ந்தெடுத்தால் என்ன ஆகும்? அச்சு இடம் மாறி விழும், ஒரு தாள் வீண். பெல்ட்டும் அப்படித்தான். அது எந்தப் படியில் இருக்கிறது என்று கம்ப்யூட்டருக்குத் தானாகத் தெரியாது.

மாக் 3 என்ற புரோகிராமில் இதைச் சொல்வதற்கு இடம் இருக்கிறது. (இதன் பின் வந்தது மாக் 4. ஆனால் பழைய பிரிண்டர் போர்ட் உள்ள கம்ப்யூட்டர்களில் இன்றும் மாக் 3தான் பலருக்குப் பழக்கம். அந்த போர்ட் வழியாக நேரே ஓட்ட 32 பிட் விண்டோஸ் வேண்டும். 64 பிட் என்றால் தனியாக ஒரு கன்ட்ரோலர் போர்டு தேவை.) கான்பிக் மெனுவில் ஸ்பின்டில் புல்லீஸ் என்பதைக் கிளிக் செய்யுங்கள். சிறிய விண்டோ ஒன்று கிடைக்கும். அதில் புல்லி எண்ணைத் தேர்ந்தெடுத்து, அந்தப் புல்லிக்கான குறைந்த வேகம், அதிக வேகம், ரேஷியோ ஆகியவற்றைக் கொடுக்கலாம். அதிக வேகம் என்பது மோட்டார் முழு வேகத்தில் ஓடும்போது ஸ்பின்டில் சுற்றும் வேகம். நம் கணக்கில் 720, 1440, 2880. ரேஷியோ என்பது வேகம் அளக்கும் சென்சாருக்கானது. சென்சார் ஸ்பின்டிலிலேயே இருந்தால் 1 என்று கொடுத்தால் போதும்.

பெல்ட் மூன்றாவது இடத்தில் இருக்கிறது, கம்ப்யூட்டரில் முதல் புல்லியே தேர்வாகியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் 500 கேட்கிறீர்கள். 720ல் 500 என்றால் 69.4 சதவீதம். கம்ப்யூட்டர் அதை டிரைவுக்கு அனுப்புகிறது. மோட்டார் 1000 சுற்று ஓட, ஸ்பின்டிலோ 2000 சுற்றில் பறக்கிறது! நீங்கள் கேட்டது போல நான்கு மடங்கு. வெளியே எறியும் விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும் என்பதால் அது 16 மடங்கு. சக்கில் அரைகுறையாகப் பிடித்த பொருள் எங்கே போய் விழும் என்று சொல்லவே முடியாது. நீங்கள் 500 என்று கேட்டது திரையில் அப்படியே நிற்கும். சக்கில் பொறித்திருக்கும் உச்ச வேகத்தைப் படித்து வைத்துக்கொள்ளுங்கள். லேத்தால் முடியும் என்பதற்காகச் சக்கால் முடியும் என்று அர்த்தமில்லை.

அதனால் கணக்கில் வந்த எண்ணை அப்படியே நம்பாமல் அளந்து பாருங்கள். வி பெல்ட் புல்லியின் வெளி விட்டத்தில் அல்ல, பள்ளத்துக்குள் சற்று இறங்கி உட்கார்வதால் கணக்கும் நடப்பும் கொஞ்சம் வேறுபடும். சக்கில் ஒரு ஒளிரும் ஸ்டிக்கரை ஒட்டி, கையடக்க டேக்கோமீட்டரால் பார்க்கலாம். எம்.டி.ஐ. திரையில் எம் 3 எஸ் 720 என்று கொடுங்கள் (எழுத்துகளை ஆங்கிலத்தில் டைப் செய்ய வேண்டும்). மீட்டர் 705 காட்டினால் முதல் புல்லியின் அதிக வேகமாக 705ஐயே எழுதுங்கள். நிறுத்த எம் 5. மூன்றாவது புல்லியில் முழு வேகத்துக்குப் போகாதீர்கள், சக் தாங்காது. 1440 கேட்டு, மீட்டரில் வருவதை இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

பெல்ட்டை இடம் மாற்றும் முன் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். திரையில் உள்ள ஸ்டாப் பட்டன் மின்சாரத்தை நிறுத்தும் ஸ்விட்ச் அல்ல. மோட்டாரின் போல்ட்டைத் தளர்த்தி, பெல்ட்டை விரலால் தூக்கி மாற்றிய பின், இரண்டு புல்லியின் முகமும் ஒரே நேர்கோட்டில் இருக்கிறதா என்று ஸ்கேலை வைத்துப் பாருங்கள். இறுக்கத்துக்கு ஒரு கணக்கு உண்டு. இரண்டு புல்லிக்கும் இடையே பெல்ட்டின் நீளம் 100 மி.மீ. என்றால், நடுவில் கட்டைவிரலால் அழுத்தும்போது சுமார் 1.6 மி.மீ. அமுங்க வேண்டும். 250 மி.மீ. என்றால் 4 மி.மீ. அதிகம் இறுக்கினால் பேரிங் சூடாகும். பெல்ட் பிடிப்பது பள்ளத்தின் இரு பக்கச் சுவர்களைத்தான். அடியில் உட்கார்ந்து பளபளவென்று தேய்ந்திருந்தால் எவ்வளவு இறுக்கினாலும் வழுக்கும், புதிதாக மாற்றுங்கள். கிரீஸ் பக்கமே போகாதீர்கள்.

இறுக்கம் போதுமா என்று தெரிய, சும்மா ஓடும்போது ஒருமுறையும் கடையும்போது ஒருமுறையும் வேகத்தை அளந்து பாருங்கள். கொஞ்சம் குறைவது மோட்டாரின் இயல்பு. நிறையக் குறைந்து, சத்தமும் வந்தால் பெல்ட் வழுக்குகிறது. மரை வெட்டும்போது இது நன்றாகத் தெரியும். சென்சார் காட்டும் வேகத்தைப் பார்த்தே கம்ப்யூட்டர் டூலை நகர்த்துகிறது. நடுவில் வேகம் விழுந்தால் மரையின் பிட்ச் மாறி நட்டு ஏறாது.

புல்லி எண்ணையும் அதன் அதிக வேகத்தையும் ஒரு தாளில் எழுதி பெல்ட் கவரின் உள்பக்கம் ஒட்டி வையுங்கள். பெல்ட்டை மாற்ற கவரைத் திறப்பவர் கண்ணில் அது தானாகவே படும்.