மறதியில் இத்தனை ரகமா?

"அவருக்கென்ன, வயதாகிவிட்டது. மறதி சகஜம்தானே!" என்று சொல்லிவிட்டு நாம் அடுப்பைக் கவனிக்கப் போய்விடுகிறோம். டாக்டர்கள் அப்படி விடுவதில்லை. எப்போது ஆரம்பித்தது, திடீரென்றா, படிப்படியாகவா என்று குடைந்து குடைந்து கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளில்தான் விஷயமே இருக்கிறது.

நம் மூளையின் எடை உடம்பின் எடையில் நூற்றுக்கு 2 பங்குதான். ஆனால் உடம்புக்குக் கிடைக்கும் பிராணவாயுவில் ஏறக்குறைய 20 பங்கை அதுவே சாப்பிட்டுவிடுகிறது! இப்பேர்ப்பட்ட சாப்பாட்டுக்காரருக்குப் பந்தியில் சிறிது தாமதமானாலும் ஆபத்து. ரத்தக் குழாய் அடைபட்டோ வெடித்தோ மூளையின் பகுதிகள் மடிந்து, அதனால் அறிவு மங்குவதைத்தான் 'வாஸ்குலர் டிமென்ஷியா' என்கிறார்கள். முதுமையில் ஞாபகத்தைத் தின்னும் வியாதிகளில் அல்ஸைமருக்கு அடுத்த ஸ்தானம் இதற்கு.

பக்கவாதம் வந்து, அடுத்த ஆறு மாதத்துக்குள் புத்தி தடுமாறுவது ஒரு வகை. இதைக் கண்டுபிடிப்பது சுலபம். சில சமயம் சேதம் கடுகளவுதான் இருக்கும். ஆனால் அது 'தலாமஸ்' போன்ற முக்கியமான இடத்தில் நேர்ந்திருக்கும். விழுப்புரம் ஜங்ஷனில் தண்டவாளம் பழுதானால் எத்தனை ஊர் ரயில்கள் நிற்கும்? அதே கதைதான்.

இன்னொரு வகை, மாடிப்படி இறங்குவது போன்றது. ஒரு நாள் சட்டென்று ஒரு படி சறுக்கும். பிறகு சில மாதம் அப்படியே நிற்கும். மறுபடி ஒரு சறுக்கல். ரத்தக் குழாய்கள் தடித்து, மூளை மெல்ல மெல்ல வாடுகிறது என்றே முன்பு நினைத்திருந்தார்கள். அப்படியல்ல, ஆங்காங்கே பல அடைப்புகள் சேர்ந்துதான் இப்படிச் செய்கின்றன என்று 1974ல் ஹாச்சின்ஸ்கி என்ற டாக்டரும் அவருடைய சகாக்களும் எழுதினார்கள். மறு வருஷம் அவர் ஒரு மார்க் பட்டியலே போட்டார். திடீர் ஆரம்பத்துக்கு 2 மார்க், படிப்படியான சரிவுக்கு 1, ரத்தக் கொதிப்புக்கு 1 என்று கூட்டிக்கொண்டே போய், 7 அல்லது அதற்கு மேல் வந்தால் ரத்தக் குழாய்களின் மேல் சந்தேகம்!

மூன்றாவது வகைதான் குடும்பங்களில் மனஸ்தாபத்தை உண்டாக்குவது. மூளையின் அடியாழத்திலுள்ள நுண்ணிய குழாய்கள் ரத்தக் கொதிப்பினாலும் சர்க்கரையினாலும் வருஷக் கணக்கில் கெட்டுப் போகின்றன. 1894லேயே பின்ஸ்வாங்கர் என்ற பேராசிரியர் இதைப் பற்றி எழுதினார். அவர் பெயரை இதற்குச் சூட்டியவர் சாட்சாத் அல்ஸைமரேதான்! இந்த வியாதியில் மறதி முன்னால் வந்து நிற்பதில்லை. மாமனார் கேட்ட கேள்விக்கு வெகு நேரம் கழித்துப் பதில் சொல்வார். பேப்பர் படிக்க மாட்டார், குளிக்கக் கிளம்ப மாட்டார். நடை குறுகிக் காலைத் தேய்த்து நடப்பார். பாத்ரூம் போவதற்குள் அவசரம். அற்ப விஷயத்துக்குக் கண்ணீர். வீட்டிலுள்ளவர்கள் இதைப் பிடிவாதம், சோம்பல், மருமகளைப் படுத்தும் குணம் என்றெல்லாம் அர்த்தம் பண்ணிக்கொள்கிறார்கள். பாவம், அவர் என்ன செய்வார்?

"காலையில் என்ன பலகாரம் சாப்பிட்டீர்கள்?" என்று கேட்டால் விழிப்பார். "பொங்கலா, உப்புமாவா?" என்று எடுத்துக் கொடுத்தால் சரியாகச் சொல்லிவிடுவார். அல்ஸைமர் வியாதியில் இப்படி எடுத்துக் கொடுத்தாலும் பெரும்பாலும் பயன் இருக்காது.

வயது ஏற ஏற, அல்ஸைமரும் ரத்தக் குழாய்க் கோளாறும் ஒரே தலையில் கூட்டுக் குடித்தனம் நடத்துவதும் உண்டு. பல நாட்டு நிபுணர்கள் கலந்து பேசி 2018ல் வெளியிட்ட பாகுபாட்டில், இந்தக் கலப்பு வகையையும் சேர்த்து மொத்தம் நான்கு. அபூர்வமாக, பரம்பரையாகவும் வரும். இளம் வயதில் ஒற்றைத் தலைவலி, நாற்பது ஐம்பதில் பக்கவாதம் என்று ஒரே குடும்பத்தில் தொடர்ந்தால் அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். இதற்குக் காரணமான 'நாட்ச் 3' ஜீனை 1996ல் கண்டுபிடித்தார்கள்.

பெயர் தெரிந்து என்ன லாபம் என்கிறீர்களா? மடிந்த பகுதி பிழைக்காது, வாஸ்தவம். ஆனால் அடுத்த அடைப்பைத் தடுக்க வழி உண்டு. அமெரிக்காவில் 50 வயதுக்கு மேற்பட்ட 9,000க்கும் அதிகமானவர்களிடம் நடந்த ஆராய்ச்சியின் முடிவு 2019ல் வெளியாயிற்று. ரத்த அழுத்தத்தின் மேல் எண்ணை 140க்குப் பதில் 120க்குக் கீழே வைத்தவர்களுக்கு, ஞாபகக் குறைவின் ஆரம்ப நிலை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவாக இருந்தது. அதற்காக நீங்களாக மாத்திரையைக் கூட்டிவிடாதீர்கள். மயங்கி விழுந்தால் வேறு வம்பு.

டாக்டரிடம் போகும்போது பழைய மருந்துச் சீட்டுகளையும் ஸ்கேன் படங்களையும் எடுத்துப் போங்கள். கூடவே ஒரு காகிதத்தில், எந்த மாதம் நடை மாறிற்று, எப்போது விழுந்தார், கணக்கு எழுதுவதை எப்போது நிறுத்தினார் என்று குறித்துக்கொள்ளுங்கள். பிள்ளையைவிட மருமகளுக்குத்தான் இதெல்லாம் தேதி முதற்கொண்டு ஞாபகம் இருக்கும்!