முடியாத வேலையை மனம் எப்போது விடுகிறது?

கைபேசியில் டு-டூ லிஸ்ட் வைத்திருப்பவர்களின் பட்டியலில், மாதக்கணக்கில் நகராமல் கிடக்கும் வரி ஒன்றாவது இருக்கும். "பாஸ்போர்ட் புதுப்பிக்க வேண்டும்" என்பது அப்படிப்பட்ட வரி. அதற்குப் பிறகு எழுதிய "கரண்ட் பில் கட்டு", "அத்தைக்கு மாத்திரை வாங்கு" எல்லாம் அன்றன்றைக்கே முடிந்து மறைந்துவிடும். தையில் எழுதிய பாஸ்போர்ட் மட்டும் ஆடியிலும் அங்கேயே நிற்கும்.

இதைச் சோம்பல் என்று சொல்லி நம்மை நாமே நொந்துகொள்கிறோம். காரணம் வேறு. கரண்ட் பில் கட்டுவது ஒரு வேலை. பாஸ்போர்ட் புதுப்பிப்பது ஒரு வேலை அல்ல. பழைய பாஸ்போர்ட்டைத் தேடி எடுக்க வேண்டும். வீடு மாறியிருந்து, ஆதாரையே முகவரிச் சான்றாகக் காட்டுவதானால் அதில் முகவரியை மாற்ற வேண்டும். அதற்கு வேறொரு முகவரிச் சான்று வேண்டும். பிறகு இணையத்தில் விண்ணப்பம், கட்டணம், சேவா மையத்தில் நேரம் வாங்குவது, அசல் ஆவணங்களோடு நேரில் போவது. ஏழெட்டு வேலைகளை ஒரே வரிக்குள் திணித்துவிட்டு, அந்த வரியைப் பார்க்கும்போதெல்லாம் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் தாண்டிப் போகிறோம்.

இதற்காகத்தான் பெரும்பாலான செயலிகளில் 'புராஜெக்ட்' என்றொரு வசதி இருக்கிறது. ஒரு தலைப்பு, அதன்கீழ் அதற்கான சின்னச் சின்ன வேலைகள், அவ்வளவுதான். ஒன்றுக்கு மேற்பட்ட படிகள் தேவைப்படும் எதுவும் புராஜெக்ட்தான் என்று அமெரிக்கரான டேவிட் ஆலன் 2001-ல் வெளிவந்த 'கெட்டிங் திங்ஸ் டன்' புத்தகத்தில் வரையறுத்தார். இன்றைய செயலிகள் பலவற்றில் அந்தப் புத்தகத்தின் சாயல் தெரியும். வேலைகளைப் பிரித்து அடுக்கிவைக்கும் வெறும் ஒழுங்குமுறை என்றுதான் பார்த்தவுடன் தோன்றும். ஆனால், இது மனித மனம் இயங்கும் விதத்தோடும், கணினிகள் வேலைகளை வரிசைப்படுத்தும் விதத்தோடும் ஆழமாகப் பொருந்திப்போகிறது.

முதலில் நினைவு. ஒரே சமயத்தில் மனதில் எத்தனை விஷயங்களைப் பிடித்து வைத்திருக்க முடியும்? 1956-ல் ஜார்ஜ் மில்லர் என்ற உளவியலாளர் ஏழு, ஒன்றிரண்டு கூடலாம் குறையலாம் என்றார். 2001-ல் நெல்சன் கோவன் அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் அலசி, உண்மையான அளவு நான்கை ஒட்டியதுதான் என்று வாதிட்டார். மொத்த மனித இனமும் நாலைந்து இடங்களை வைத்துக்கொண்டா இத்தனை காரியங்களையும் செய்கிறது என்று திகைப்பு வரும். அதற்கான விடையை அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் நடந்த ஒரு நீண்ட சோதனை காட்டியது. அதில் கலந்துகொண்ட மாணவர் சாதாரண நினைவாற்றல் உள்ளவர். தொடக்கத்தில் ஏழு இலக்கங்களைக் கேட்டு அப்படியே திருப்பிச் சொல்வார், அதற்குமேல் முடியாது. ஒன்றரை ஆண்டுக்கும் மேலாக, மொத்தம் 230 மணி நேரம் பயிற்சி செய்த பிறகு 79 இலக்கங்களைச் சொன்னார். 1980-ல் 'சயின்ஸ்' இதழில் இந்த முடிவு வெளிவந்தது.

அவருடைய நினைவின் கொள்ளளவு கூடிவிட்டதா? இல்லை. இலக்கங்களுக்குப் பதிலாக எழுத்துகளைச் சொன்னதும் மறுபடியும் ஆறோடு நின்றுவிட்டார். அவர் ஒரு நெடுந்தூர ஓட்டக்காரர். காதில் விழும் இலக்கங்களை மூன்று மூன்றாகவோ நான்கு நான்காகவோ சேர்த்து, ஓட்டப்பந்தய நேரங்களாக மாற்றிக்கொண்டார். 3492 என்றால் அவருக்கு நான்கு இலக்கங்கள் அல்ல. ஒரு மைல் ஓட்டத்தின் நேரம், மூன்று நிமிடம் 49.2 விநாடி. நாலு இடம் பிடிக்க வேண்டியது ஒரே இடத்தில் அடங்கிவிட்டது. பிறகு அந்தக் கொத்துகளையும் சேர்த்துப் பெரிய கொத்துகளாக்கினார்.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது, அவர் எண்களைக் கண்டபடி சேர்க்கவில்லை என்பது. தனக்குப் பொருள் தரும் விதத்தில் சேர்த்தார். முப்பது வேலைகளை 'வீடு', 'அலுவலகம்', 'மற்றவை' என்று மூன்று தலைப்பில் கொட்டிவிட்டால் புராஜெக்ட் ஆகிவிடாது. அவை வெறும் இடப்பெயர்கள். "சித்திரைக்குள் புதிய பாஸ்போர்ட் கையில்" என்பது ஒரு முடிவைச் சொல்கிறது. அதன்கீழ் உள்ள ஏழு வேலைகளும் ஏன் அங்கே இருக்கின்றன என்று அந்தத் தலைப்பே சொல்லிவிடும். நினைவுக்கு அதுதான் கொத்து.

அடுத்து, முடியாத வேலை மனதை ஏன் அரித்துக்கொண்டே இருக்கிறது என்ற கேள்வி. 1920-களில் பெர்லின் பல்கலைக்கழகத்தில் குர்ட் லெவின் என்ற உளவியலாளரிடம் இரண்டு பெண்கள் ஆய்வு செய்தார்கள். ஒருவர் இன்றைய லித்துவேனியாவில் பிறந்த ப்ளூமா ஜைகார்னிக். புதிர் விடுவிப்பது, களிமண்ணில் உருவம் செய்வது என்று ஏறக்குறைய இருபது சின்ன வேலைகளை ஒவ்வொருவருக்கும் கொடுத்து, பாதி வேலைகளை நடுவிலேயே நிறுத்தச் சொன்னார். பிறகு என்னென்ன செய்தீர்கள் என்று கேட்டபோது, முடித்த வேலைகளைவிட நிறுத்தப்பட்ட வேலைகளே ஏறக்குறைய இரண்டு மடங்கு நினைவுக்கு வந்ததாக 1927-ல் எழுதினார். உலகமெங்கும் பேசப்பட்ட முடிவு இது. ஆனால், பின்னாளில் மற்றவர்கள் அதே சோதனையைத் திரும்பச் செய்தபோது ஒரே மாதிரியான விடை கிடைக்கவில்லை. சிலருக்குக் கிடைத்தது, பலருக்குக் கிடைக்கவில்லை.

இன்னொருவர் மரியா ஓவ்சியான்கினா. அவர் பெயர் அவ்வளவாகப் பரவவில்லை, ஆனால் கண்டுபிடிப்பு உறுதியாக நின்றது. வேலையை நடுவில் நிறுத்திவிட்டு, ஆட்களைச் சும்மா விட்டு வேடிக்கை பார்த்தார். யாரும் சொல்லவில்லை, பரிசும் இல்லை. இருந்தும் பெரும்பாலானவர்கள் தாங்களாகவே அந்த அரைகுறை வேலைக்குத் திரும்பிப் போனார்கள். தொடங்கிய வேலைக்கு மனிதனைத் தன்பக்கம் இழுக்கும் ஒரு விசை உண்டு. சமையலறையில் நிற்கும்போதும் பேருந்தில் போகும்போதும் பாதியில் விட்ட காரியம் சம்பந்தமே இல்லாமல் நினைவில் வந்து தட்டுவது இதனால்தான்.

அப்படியானால் அந்த விசையை அடக்க ஒரே வழி வேலையை முடிப்பதுதானா? 2011-ல் மசிகாம்போ, பாமைஸ்டர் என்ற இரு ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். ஒரு குழுவினரிடம் முடிக்காத முக்கியமான வேலைகளை எண்ணிப் பார்க்கச் சொல்லி, பிறகு ஒரு நாவலின் சில பக்கங்களைப் படிக்கக் கொடுத்தார்கள். எதிர்பார்த்தபடி அவர்களின் கவனம் சிதறியது. இன்னொரு குழுவுக்கும் வேலைகள் முடியாமல்தான் இருந்தன. அவர்களிடம் அந்த வேலைகளை எப்படிச் செய்யப்போகிறீர்கள் என்று ஒரு திட்டத்தை மட்டும் எழுதச் சொன்னார்கள். வேலையில் ஒரு துளிகூட நகரவில்லை, ஆனால் படிக்கும்போது வந்து குறுக்கிடும் எண்ணங்கள் குறைந்துவிட்டன. வேலை முடிந்தால்தான் மனம் விடும் என்பதில்லை. எப்படித் தொடரும் என்று தெரிந்தாலே அதற்குப் போதுமாக இருக்கிறது. மனதின் இந்த ஏற்பாட்டை நான் ஒரு பெரிய கருணை என்றே நினைக்கிறேன். இல்லாவிட்டால் பத்துக் காரியம் கையில் வைத்திருக்கும் எவராலும் ஒரு பக்கம்கூடப் படிக்க முடியாது.

திட்டம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கும் விடை உண்டு. பீட்டர் கோல்விட்சர் என்ற ஜெர்மானிய உளவியலாளரும் அவருடைய சகாவும் 1997-ல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களிடம் கிறிஸ்துமஸ் விடுமுறையின்போது ஒரு சிறு கட்டுரை எழுதி அனுப்பச் சொன்னார்கள். எங்கே, எப்போது எழுதுவேன் என்று முன்கூட்டியே குறித்துவைத்தவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேலானவர்கள் எழுதி அனுப்பினார்கள். குறித்துவைக்காதவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர்தான். இரு தரப்புக்கும் ஆர்வம் ஒன்றுதான். ஆகவே புராஜெக்ட்டின் கீழ் "ஆதார்" என்று ஒற்றைச் சொல்லை எழுதிவைப்பதில் பெரிய பயன் இல்லை. "சனிக்கிழமை காலை ஆதார் மையத்தில் முகவரி மாற்று" என்று எழுதினால் அந்தச் சனிக்கிழமை காலையே வேலையை நினைவுபடுத்தும்.

இப்போது, செவ்வாய்க் கிரகத்தில் நடந்த கதை. வேலைகளை ஏன் ஒரே நீளப் பட்டியலாக வைக்கக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

1997 ஜூலை 4 அன்று நாசாவின் பாத்ஃபைண்டர் விண்கலம் செவ்வாயில் இறங்கியது. சில நாட்களில் அதன் கணினி திடீர் திடீரென்று தானாகவே அணைந்து மறுபடி தொடங்க ஆரம்பித்தது. ஒவ்வொரு முறையும் அன்றைக்கு மிச்சமிருந்த வேலைகள் மறுநாளைக்குத் தள்ளிப்போயின. கணினியில் பல வேலைகள் முன்னுரிமைப்படி ஓடிக்கொண்டிருந்தன. விண்கலத்தின் கருவிகளுக்கிடையே தகவலைப் பகிரும் வேலைக்கு முன்னுரிமை மிக அதிகம். காற்றழுத்தம், வெப்பநிலை போன்ற வானிலை அளவீடுகளைத் திரட்டும் வேலைக்கு மிகக் குறைவு. இரண்டுக்கும் பொதுவாக ஒரு பூட்டு இருந்தது. ஒரு சமயத்தில் ஒன்றுதான் அதை எடுக்க முடியும்.

வானிலை வேலை பூட்டை எடுத்துக்கொண்டு ஓடத் தொடங்கும். தகவல் பகிர்வு வேலை வந்து, பூட்டுக்காகக் காத்து நிற்கும். அதுவரை தவறில்லை, வானிலை வேலை நொடியில் முடிந்து பூட்டைக் கொடுத்துவிடும். ஆனால், அந்த இடைவெளியில் தகவல் தொடர்பு சம்பந்தப்பட்ட நடுத்தர முன்னுரிமை வேலை ஒன்று வந்து சேரும். அதற்குப் பூட்டு தேவையில்லை. வானிலை வேலையைவிட அது முக்கியமானது என்பதால், விதிப்படி வானிலை வேலையை ஒதுக்கிவிட்டுத் தான் ஓடும். வானிலை வேலை ஓட முடியாததால் பூட்டு விடுபடாது. பூட்டு விடுபடாததால், எல்லாவற்றிலும் முக்கியமான வேலை நின்றுகொண்டே இருக்கும். குறித்த நேரத்தில் அது முடியவில்லை என்று கண்ட காவல் நிரல், ஏதோ பெரிய கோளாறு என்று கணினியையே அணைத்துத் தொடங்கிவிடும்.

எந்த வேலையும் விதியை மீறவில்லை. எல்லாமே முன்னுரிமைப்படி சரியாகத்தான் ஓடின. இருந்தும் முக்கியமானது முடங்கிப்போனது. கணினி அறிவியலில் இதை 'முன்னுரிமை தலைகீழாதல்' என்கிறார்கள். இதற்கான தீர்வை ஏற்கெனவே 1990-ல் லூயி ஷா, ரகுநாதன் ராஜ்குமார், ஜான் லெஹோக்ஸ்கி மூவரும் ஓர் ஆய்வுக் கட்டுரையில் விளக்கியிருந்தார்கள். இவர்களில் ராஜ்குமார் கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியில் படித்துவிட்டு அமெரிக்கா சென்றவர். தீர்வு கேட்பதற்கு எளிமையானது: உயர்ந்த வேலை ஒன்று தாழ்ந்த வேலைக்காகக் காத்து நின்றால், காத்து நிற்கும்வரை அந்தத் தாழ்ந்த வேலைக்கும் உயர்ந்ததன் முன்னுரிமையைக் கொடுத்துவிடு. பாத்ஃபைண்டரின் கணினியில் இந்த வசதி இருந்தது, ஆனால் அந்தப் பூட்டுக்கு அணைத்து வைக்கப்பட்டிருந்தது. பொறியாளர்கள் பூமியிலிருந்த மாதிரிக் கணினியில் கோளாறை மறுபடி வரவழைத்துக் காரணத்தைக் கண்டுபிடித்து, வசதியை இயக்கும் மாற்றத்தைச் செவ்வாய்க்கு அனுப்பினார்கள். அணைந்து தொடங்கும் தொல்லை நின்றது.

நம் பட்டியலிலும் இதேதான் நடக்கிறது. வெளிநாட்டுப் பயணத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது, அதனால் பாஸ்போர்ட்டுக்குச் சிவப்புக் கொடி. ஆதாரில் முகவரி மாற்றச் சான்றாகக் கொடுக்க வேண்டிய வாடகை ஒப்பந்தத்தைத் தேடி எடுப்பது பட்டியலின் அடியில் கிடக்கிறது, அவசரம் என்று அதற்கு எதுவும் இல்லை. நடுவில் பில், தொலைபேசி அழைப்பு, பள்ளிக் கூட்டம் என்று நடுத்தர அவசரங்கள் நாளை விழுங்குகின்றன. ஒப்பந்தம் இல்லாமல் ஆதார் மாறாது, ஆதார் மாறாமல் விண்ணப்பம் நகராது. ஒவ்வொரு நாளும் முக்கியமானதை முதலில் செய்கிறோம் என்ற திருப்தியோடே, மிக முக்கியமானதை நிறுத்தி வைத்திருக்கிறோம். ஒரே நீளப் பட்டியலில் இந்தப் பிணைப்பு கண்ணுக்குத் தெரியவே தெரியாது. புராஜெக்ட்டின் கீழ் வரிசையாக வைத்தால் உடனே தெரியும். அப்போது செய்ய வேண்டியது, அதில் இன்னும் முடியாத முதல் படிக்குப் புராஜெக்ட்டின் முழு அவசரத்தையும் கொடுப்பது. ஒப்பந்தத்தைத் தேடி எடுப்பதுதான் இப்போது சிவப்புக் கொடிக்கு உரியது. மற்ற ஆறு படிகளுக்கும் இன்றைக்குத் தேதியே வேண்டாம். எல்லாவற்றுக்கும் கொடி நட்டுவைப்பதும் ஒன்றுக்கும் நடாததும் ஒன்றுதான்.

படிகளாகப் பிரிப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. கனடாவில் நடந்த ஓர் ஆய்வில், ஆய்வேடு எழுதும் மாணவர்கள் சராசரியாக 34 நாட்களில் முடிப்போம் என்று கணித்தார்கள், பிடித்தது 55 நாட்களுக்கும் மேல். 1994-ல் வெளியானது. பத்தாண்டு கழித்து க்ரூகர், எவன்ஸ் என்ற இருவர், ஒரு வேலையின் உட்பகுதிகளை முதலில் பட்டியலிடச் செய்தால் மக்கள் கணிக்கும் நேரம் கூடி, உண்மைக்குக் கிட்டே வருகிறது என்று காட்டினார்கள். ஒற்றை வரியைப் பார்க்கும் மனம் அரைநாள் போதும் என்கிறது. ஏழு வரிகளைப் பார்த்தபின் அதே மனம் மூன்று வாரம் கேட்கிறது.

இவ்வளவும் நடக்க, பட்டியலை வாரம் ஒருமுறையாவது திறந்து பார்க்க வேண்டும் என்பது டேவிட் ஆலனின் கண்டிப்பான யோசனை. அவருடைய முறையில் எதை விட்டாலும் இதை விடக் கூடாது என்பது என் கருத்து. செத்துப்போன வேலைகள் நிறைந்த செயலியை நாம் நம்ப மாட்டோம், நம்பாததிடம் மனம் எதையும் ஒப்படைக்காது. நான்கு அடுக்குத் தலைப்புகள், எட்டு வண்ணங்கள், லேபிள்கள் என்று அலங்கரிப்பவர்கள் பெரும்பாலும் சில வாரங்களில் கைவிடுவது இதனால்தான். பராமரிப்பே தனி வேலையாகி, திறந்து பார்ப்பது சுமையாகிவிடுகிறது. தலைப்பு, படிகள், இப்போதைய படிக்கு ஒரு தேதி. அதற்குமேல் தேவைப்படுவது அபூர்வம்.

மனம் ஒப்படைத்துவிட்டதன் பலன் உறக்கத்திலும் தெரிகிறது. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் உள்ள பேய்லர் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்கல்லினும் சகாக்களும் 57 இளைஞர்களை ஆய்வகத்தில் உறங்கவைத்து, மூளையலைகளைப் பதிவுசெய்து, 2018-ல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். படுக்கும்முன் ஐந்து நிமிடம், பாதிப் பேர் சமீபத்தில் முடித்த வேலைகளை எழுதினார்கள், பாதிப் பேர் வரும் நாட்களில் செய்ய வேண்டியவற்றை எழுதினார்கள். சாதித்ததை எழுதியவர்களுக்குத்தான் நிம்மதி வந்திருக்கும் என்று யாரும் நினைப்பார்கள். நடந்தது வேறு. செய்ய வேண்டியவற்றை எழுதியவர்கள் சராசரியாக ஒன்பது நிமிடம் முன்னதாகவே தூங்கிப்போனார்கள். அவர்களுக்குள்ளும், மேலோட்டமாக எழுதியவர்களைவிட, ஒவ்வொரு வேலையையும் குறிப்பாகப் பிரித்து எழுதியவர்களுக்குத் தூக்கம் இன்னும் சீக்கிரம் வந்தது.