ஓர் அடிபம்பின் வரவு செலவு

வடக்கு கானாவில் ஒரு கிராமத்தில் போர் போட்டு, சிமென்ட் மேடை கட்டி, அடிபம்பைத் திறந்து வைக்கும் நாள் ஊர்த் திருவிழாவேதான். உடுக்கையைப் போல இடை சிறுத்த லுங்கா முழங்கும், பெண்கள் கூடி ஆடுவார்கள், ஊர்த்தலைவர் குவளை நிறைய வாங்கிக் குடித்துக் காட்டுவார். அந்த ஆட்டத்துக்கு முழு நியாயம் இருக்கிறது. எவ்வளவு என்று கணக்குப் போட்டே சொல்லலாம்.

கானா அரசின் ஊரகக் குடிநீர் அளவுகோல் இது: ஓர் ஆழ்துளை அடிபம்புக்கு 300 பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு 20 லிட்டர், வீட்டிலிருந்து 500 மீட்டருக்குள், ஆண்டில் 95 சதவீத நாட்கள் தண்ணீர். அப்படியானால் ஊருக்கு ஒரு நாளைக்கு 6,000 லிட்டர், அதாவது இருபது லிட்டர் கேனில் 300 நடை. ஒவ்வொரு நடையிலும் 20 கிலோ பாரம். சுமப்பது பெரும்பாலும் பெண்களும் சிறுமிகளும். குட்டைக்குப் போய்வர ஒரு மணி நேரம் ஆன இடத்தில், இப்போது வரிசையில் நிற்பதையும் சேர்த்து அரை மணியில் முடிகிறது என்று வைத்துக்கொண்டால், அதே 300 நடையில் ஊருக்கு நாளொன்றுக்கு 150 மணி நேரம் மிச்சம். ஆண்டுக்கு 54,750 மணி நேரம். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் ‘அடிப்படைக் குடிநீர் வசதி’ என்று ஒத்துக்கொள்ள வைத்திருக்கும் மேல்வரம்பும் அந்த அரை மணிதான்.

மிச்சமாகும் நேரத்தைவிடப் பெரிய வரவு ஒன்று உண்டு: ஒரு நோயிலிருந்து தப்பிப்பது. குட்டைத் தண்ணீரில் நீர்த்தெள்ளு இருக்கும். அதன் உடம்புக்குள் கினிப்புழுவின் இளம்புழு இருக்கும். நம் ஊரில் நரம்புச் சிலந்தி என்று முந்தைய தலைமுறை பயந்த அதே நோய். குடித்து ஏறக்குறைய ஓராண்டு கழித்து, ஒரு மீட்டர் நீளம்வரை வளர்ந்த புழு காலில் கொப்புளம் கிளப்பி வெளியே வரும். இழுத்தால் அறுந்துவிடும். ஒரு சிறு குச்சியில் நாளுக்குச் சில சென்டிமீட்டராகச் சுற்றிச் சுற்றித்தான் எடுக்க வேண்டும், வாரக்கணக்கில். மருந்தும் கிடையாது, தடுப்பூசியும் கிடையாது. அத்தனை நாளும் வயலுக்கோ பள்ளிக்கோ போக முடியாது.

1989-இல் கானாவில் இந்த நோய் கண்டவர்கள் சுமார் 1,80,000 பேர். வடிகட்டும் துணி, குட்டைக்கு மருந்து, வீடு வீடாகப் போன தொண்டர்கள், அதோடு நல்ல தண்ணீர் என எல்லாம் சேர்ந்து 2005-இல் அதை 3,981-க்குக் கொண்டுவந்தன. 2006-இல் எண்ணிக்கை திரும்பவும் 4,136 ஆக ஏறியது. அந்த ஆண்டின் இறுதியில் சவெலுகு நகரில் குழாய்த் தண்ணீர் தடைபட, மக்கள் குட்டைக்கே திரும்பினார்கள், நோயும் வெடித்துக் கிளம்பியது. 2008-இல் 501, 2010-இல் வெறும் 8. அந்த ஆண்டு மே மாதத்துக்குப் பிறகு ஒருவருக்கும் இல்லை. 2015-இல் நோயற்ற நாடு என்ற சான்று வந்தது. சவெலுகுவின் கதையை நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். தண்ணீர் வசதி வந்த ஊரிலும் அது நின்றால் என்ன ஆகும் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

அடிபம்பு ஏன் நிற்கிறது? கைப்பிடியை நாற்பது முறை அடித்தால் 12 லிட்டர் என்று வைத்தால், 6,000 லிட்டருக்கு 20,000 அடி. ஆண்டுக்கு 73 லட்சம். எந்த வாஷர் தாங்கும்? கானா தரப்படுத்திய நான்கு வகைப் பம்புகளில் ஒன்று, யுனிசெஃப் துணையோடு 1970-களில் உருவாகி, சென்னையின் ரிச்சர்ட்சன் அண்ட் க்ரூடாஸ் ஆலையில் பெருமளவில் தயாரான இந்தியா மார்க் 2-இன் வழிவந்தது. உறுதியான பம்பு. ஆனால் உள்ளே வாஷர் தேய்ந்தால் கிணற்றுக் குழாய் முழுவதையும் ஒவ்வொன்றாகக் கழற்றித் தூக்க வேண்டும், அதற்கு ஆளும் கருவியும் வேண்டும். கோயம்புத்தூர் பகுதியில் நடந்த சோதனைகளிலிருந்து வந்த மார்க் 3-உம், ஆப்பிரிக்காவில் உருவான ஆஃப்ரிடெவும் இந்தச் சிரமத்தைக் குறைத்தன. ஆஃப்ரிடெவில் ஒரே ஸ்பானர் போதும். குழாயைத் தொடாமல் பிஸ்டனை மட்டும் மேலே இழுத்து, ஊர்க்காரர்களே வாஷர் மாற்றிவிடலாம். இருந்தும் சஹாராவுக்குத் தெற்கே நான்கு அடிபம்புகளில் ஒன்று இயங்குவதில்லை என்பது 2019-இல் வெளியான மதிப்பீடு.

கோளாறு காசில் இருக்கிறது. கானா, புர்கினா ஃபாசோ, மொசாம்பிக், ஆந்திரம் ஆகிய இடங்களில் நடந்த ‘வாஷ்காஸ்ட்’ ஆய்வு, 2011 விலையில் போருக்கும் பம்புக்குமான முதலீட்டை ஆளுக்கு 20 முதல் 61 டாலர் என்று கணித்தது. 300 பேருக்கு 6,000 முதல் 18,300 டாலர். கல்வெட்டில் பெயர் பொறிப்பவர்கள் கொடுப்பது இதைத்தான். ஆனால் ஆண்டுச் செலவு ஆளுக்கு 3 முதல் 6 டாலர். ஊருக்கு 900 முதல் 1,800. இருபது ஆண்டுக்குப் பெருக்கினால் 18,000 முதல் 36,000. போர் போட்ட செலவைப் பராமரிப்பு விஞ்சிவிடுகிறது.

இந்த ஆண்டுச் செலவில் மூன்று பங்கு இருக்கிறது. வாஷர், சிறு பழுது, அன்றாடப் பார்வை: 150 முதல் 300 டாலர். ஆண்டுக்கு 1,09,500 கேன் என்பதால் மிஞ்சிப்போனால் கேனுக்குக் கால் சென்ட்டைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். இதை ஊரால் கட்ட முடியும். மழை மாதங்களில் கூரைத் தண்ணீர் பிடிப்பதால் வசூல் சரியும், அறுவடைக்குப் பின் ஈடுகட்டிக்கொள்ளலாம். இரண்டாவது, குழாய், பம்புத்தலை போன்ற பெரிய பாகங்களை மாற்றுவது: 450 முதல் 600 டாலர். மூன்றாவது, மாவட்ட அலுவலகம் வந்து பார்த்துக் கைகொடுப்பது: 300 முதல் 900. பிந்திய இரண்டையும் சோளமும் நிலக்கடலையும் விளைவித்துப் பிழைக்கும் 300 பேர் தலையில் கட்டுவது அநியாயம். போருக்கு ஒப்பந்தம் கையெழுத்தாகும் அன்றே மாவட்டக் கணக்கில் இவற்றையும் எழுத வேண்டும். பெரிய பாகங்களுக்கு மட்டும் இருபது ஆண்டுக்கு 9,000 முதல் 12,000 டாலர், ஏறக்குறைய இன்னொரு போரின் விலை.