பிள்ளைகுட்டியோடு கடலேறும் முன்

திண்டிவனத்திலிருந்து கிழக்கே ஒரு மணி நேரம் பேருந்தில் போனால் மரக்காணம். உப்பளங்களைத் தாண்டினால் கடல். விழுப்புரம் மாவட்டத்துக்கு வாய்த்த கடற்கரை இந்தப் பகுதிதான். சங்க காலத்தில் ஓய்மானாட்டை ஆண்ட நல்லியக்கோடனின் துறைமுகமான எயிற்பட்டினம் இங்கேதான் இருந்தது என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். அவனது ‘கிடங்கில்’ என்ற ஊர் இன்று திண்டிவனம் நகருக்குள்ளேயே அடங்கிவிட்டது. ஆகவே கப்பல் இந்த மண்ணுக்குப் பழக்கமான பொருள். ஊர் போய்ச் சேர்வதற்காக இல்லாமல், கப்பலிலேயே தங்கிப் பொழுதைக் கழிப்பதற்காகக் குடும்பம் குடும்பமாக ஏறும் வழக்கம்தான் புதிது.

2022 ஜூன் மாதம் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சென்னைத் துறைமுகத்தில் ஒரு சுற்றுலாக் கப்பலைக் கொடியசைத்து அனுப்பிவைத்தார். கார்டீலியா நிறுவனத்தின் ‘எம்பிரஸ்’ அது. சென்னையில் புறப்பட்டு நடுக்கடல்வரை போய்த் திரும்பும் பயணம், விசாகப்பட்டினம், புதுச்சேரி என்று சுற்றிவரும் பயணம் என இரண்டு வகை அறிவிக்கப்பட்டன. 2023 ஜூனில் இதே கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய இலங்கைத் துறைமுகங்களுக்கும் போனது. விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துக் குடும்பங்களுக்கு ஏறுமிடம் எட்டிவிடும் தூரம்தான். திண்டிவனத்திலிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் ஏறக்குறைய 125 கிலோமீட்டர், விழுப்புரத்திலிருந்து ஏறக்குறைய 160 கிலோமீட்டர்.

இப்படிப்பட்ட கப்பல் எப்படி இயங்குகிறது, அதில் குடும்பத்துக்கு என்ன லாபம், என்ன சிக்கல் என்பதைப் பார்ப்போம். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கப்பலின் நன்மைகளும் குறைகளும் ஒரே காரணத்திலிருந்து பிறக்கின்றன. ஆயிரக்கணக்கான மனிதர்களும் அவர்களுக்கு வேண்டிய அத்தனையும் ஒரே இரும்புக் கூட்டுக்குள் இருப்பதுதான் அந்தக் காரணம்.

எவ்வளவு பெரியது?

எம்பிரஸ் 1990-இல் பிரான்ஸின் சான் நசேர் கப்பல் கட்டும் தளத்தில் உருவானது. அப்போது அதன் பெயர் ‘நார்டிக் எம்பிரஸ்’. உரிமையாளர் அமெரிக்காவின் ராயல் கரீபியன் நிறுவனம். பல பெயர்களும் கைகளும் மாறி 2020-இன் இறுதியில் இந்திய நிறுவனத்திடம் வந்தது. நீளம் 211 மீட்டர், அகலம் ஏறக்குறைய 31 மீட்டர். பயணிகள் 1,800 பேர்வரை ஏறலாம். அவர்களைக் கவனிக்க 600 பேருக்கு மேல் ஊழியர்கள்.

கப்பல்களின் அளவைச் சொல்லும்போது ‘மொத்த டன்’ என்று ஒரு கணக்கு வரும். பெயரைப் பார்த்து எடை என்று எண்ணிவிடக் கூடாது. உள்ளே அடைபட்ட இடத்தின் கொள்ளளவை வைத்துப் போடும் கணக்கு அது. எம்பிரஸின் அளவு 48,563. டைட்டானிக்கின் அளவு 46,328. டைட்டானிக்கைவிட 58 மீட்டர் குட்டையான இந்தக் கப்பலுக்குள் அதைவிட அதிக இடம் இருக்கிறது. காரணம், மாடிமேல் மாடியாக உயர்த்திக் கட்டியிருப்பது.

ஆனால் உலக அளவில் இது இன்று சிறிய கப்பல். 2024 ஜனவரியில் பயணம் தொடங்கிய ‘ஐகான் ஆஃப் தி சீஸ்’ 365 மீட்டர் நீளம், 20 தளங்கள், 7 நீச்சல் குளங்கள் கொண்டது. குழந்தைகளோடு வரும் குடும்பங்களை மனத்தில் வைத்தே திட்டமிட்டது. பயணிகளும் ஊழியர்களுமாக அதில் ஏறக்குறைய 10,000 பேர் இருக்கலாம். 2011 கணக்கெடுப்பின்படி திண்டிவனம் நகராட்சியின் மக்கள்தொகை 72 ஆயிரத்துக்குச் சற்று அதிகம். ஏழில் ஒரு பங்கு ஊரைக் கடலில் கொண்டுபோகிறார்கள்.

கவிழாமல் நிற்பது எப்படி?

தண்ணீருக்கு மேலே பத்து மாடிக் கட்டடம்போல் எழும்பி நிற்கும் எம்பிரஸ், தண்ணீருக்குக் கீழே ஆழ்ந்திருப்பது ஏறக்குறைய 7 மீட்டர்தான். பார்த்தாலே வயிறு கலங்கும். இதன் சூட்சுமம் தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையில் பாதி இருக்கிறது. எஞ்சின்கள், எரிபொருள், குடிநீர்த் தொட்டிகள் என்று கனமான எல்லாம் அடித்தளத்தில் இருக்கும். மேல்தளங்களை இயன்றவரை எடை குறைத்துக் கட்டுவார்கள். மீதிப் பாதி அகலத்தில் இருக்கிறது. கப்பல் வலப்பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்க உடல் தண்ணீருக்குள் கூடுதலாக இறங்கும். இறங்க இறங்க அங்கே தண்ணீரின் மேல்நோக்கிய உந்துதல் கூடி, கப்பலைப் பழையபடி நிமிர்த்தும்.

கவிழாது என்றாலும் ஆடும். அந்த ஆட்டத்தைக் குறைக்க, நீர்மட்டத்துக்குக் கீழே இரு பக்கமும் மீன் துடுப்புகள்போல் இரண்டு இறக்கைகளை நீட்டுவார்கள். கப்பல் ஒரு பக்கம் சாயத் தொடங்கியதும் உணர்கருவி கண்டுகொள்ளும். உடனே இறக்கைகள் தம் கோணத்தை மாற்றிக்கொண்டு, ஓடிவரும் தண்ணீரின் விசையாலேயே எதிர்ப்பக்கம் தள்ளும். பக்கவாட்டு ஆட்டம் இதனால் பெருமளவு அடங்கும். முன்னும் பின்னும் ஏறியிறங்கும் ஆட்டத்தை இவற்றால் தடுக்க முடியாது. அதனால்தான் தலைச்சுற்றல் வருபவர்கள் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் அறை கேட்க வேண்டும். ஏற்ற இறக்கம் அங்கேதான் மிகக் குறைவு.

தண்ணீரும் கழிவும்

நடுக்கடலில் 2,400 பேருக்குக் குளிக்கவும் துவைக்கவும் சமைக்கவும் தண்ணீர் வேண்டும். ஒரு லிட்டர் கடல்நீரில் 35 கிராம் அளவுக்கு உப்பு இருக்கிறது. கப்பலிலேயே அதை நன்னீராக்க இரண்டு வழிகள். ஒன்று, கடல்நீரை மெல்லிய சவ்வின் வழியே அழுத்தித் தள்ளி உப்பைப் பிரிப்பது. நம் வீட்டு ஆர்.ஓ. கருவியின் அதே தத்துவம். மற்றது, எஞ்சினைக் குளிர்வித்துச் சூடேறி வரும் நீரைக் கொண்டு கடல்நீரை ஆவியாக்குவது. கலத்துக்குள் காற்றழுத்தத்தைக் குறைத்துவிட்டால் தண்ணீர் 100 டிகிரிக்கு வெகு கீழேயே கொதித்துவிடும். வீணாகப் போகும் வெப்பம் இப்படிக் குடிநீராகிறது.

கழிப்பறையில் பொத்தானை அழுத்தினால் ‘விஷ்க்’ என்று பெரிய சத்தம் கேட்கும். குழந்தைகள் பயப்படுவார்கள்; முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது. குழாய்க்குள் காற்றை உறிஞ்சி வைத்திருப்பதால் கழிவு இழுபட்டுப் போகிறது. வீட்டில் 6 லிட்டருக்கு மேல் செலவாகும் இடத்தில் இங்கே ஏறக்குறைய ஒரு லிட்டர் போதும். ‘மார்ப்போல்’ என்ற சர்வதேச உடன்படிக்கையின்படி, சுத்திகரிக்காத கழிப்பறைக் கழிவைக் கரையிலிருந்து 12 கடல் மைலுக்குள் கொட்டக் கூடாது. அதாவது 22 கிலோமீட்டருக்குள். பிளாஸ்டிக்கைக் கடலில் எங்குமே போடக் கூடாது.

குடும்பத்துக்கு என்ன லாபம்?

முதல் லாபம் முதியவர்களுக்கு. பேரன் பேத்தி, மூட்டுவலியுள்ள பாட்டி, சர்க்கரை உள்ள தாத்தா என்று மூன்று தலைமுறை சேர்ந்து ஊர் சுற்றுவது தரையில் எத்தனை சிரமம் என்பது நமக்குத் தெரியும். ஊருக்கு ஊர் விடுதி மாற்ற வேண்டும், பெட்டிகளை இறக்கி ஏற்ற வேண்டும், நல்ல கழிப்பறை எங்கே என்று தேட வேண்டும். கப்பலில் ஒருமுறை பெட்டியைத் திறந்து வைத்தால் போதும். லிஃப்ட் உண்டு, மருத்துவர் உண்டு, சைவச் சாப்பாடு உண்டு. தாத்தா மேல்தளத்தில் நாற்காலி போட்டுக் கடலைப் பார்த்திருக்க, பிள்ளைகள் விளையாட்டுக் கூடத்திலும் பெரியவர்கள் கலைநிகழ்ச்சியிலும் இருக்கலாம். சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் ஒரே மேசைக்கு வந்துவிடுவார்கள்.

இரண்டாவது, செலவின் பெரும்பகுதி முன்பே தெரிந்துவிடும். அறை, மூன்று வேளைச் சாப்பாடு, பொதுவான நிகழ்ச்சிகள் கட்டணத்துக்குள் அடங்கும். மூன்றாவது, குழந்தைகளுக்குக் கிடைக்கும் பாடம். கரை கண்ணிலிருந்து மறைவது, தூரத்துக் கப்பலின் உடல் முதலில் மறைந்து உச்சி கடைசியில் மறைவது, ஊர் வெளிச்சமில்லாத வானில் விண்மீன்கள் தெரிவது ஆகியவற்றைப் பாடப்புத்தகம் படமாகத்தான் காட்ட முடியும்.

குறைகளும் அங்கிருந்தே

எல்லாரும் ஒரே இடத்தில் இருப்பதால் நோயும் எல்லாரையும் எளிதில் எட்டுகிறது. 2020 பிப்ரவரியில் ஜப்பானின் யோகோஹாமாவில் நிறுத்தப்பட்ட ‘டயமண்ட் பிரின்சஸ்’ கப்பலில் இருந்த 3,711 பேரில் 712 பேருக்குக் கொரோனா தொற்றியது. கப்பலில் 138 இந்தியர்கள் இருந்தார்கள். அவர்களில் 132 பேர் ஊழியர்கள். வாந்தியும் வயிற்றுப்போக்கும் தரும் நோரோ வைரஸ் இத்தகைய கப்பல்களில் அடிக்கடி தலைகாட்டுவது. கையில் தடவும் சானிடைசருக்கு அது அவ்வளவாக அடங்காது. சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுவதே சரியான காப்பு.

கட்டணத்துக்குள் அடங்காதவை தனிப் பட்டியலாக வரும். மதுபானம், இணையம், மசாஜ், கரையிறங்கிச் சுற்றிப்பார்ப்பது, மருத்துவரைப் பார்ப்பது என்று ஒவ்வொன்றுக்கும் கணக்கு ஏறும். துறைமுகக் கட்டணமும் வரியும் விளம்பரத் தொகையில் சேர்ந்திருக்கிறதா என்று பணம் கட்டும் முன் கேட்டுவிட வேண்டும். மலிவான அறைக்கு ஜன்னல் இருக்காது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

சூதாட்டக் கூடமும் மதுக்கூடமும் பல குடும்பங்களுக்கு உறுத்தல். 2022-இல் புதுச்சேரியில் இந்தக் கப்பலுக்கு எதிர்ப்புக் கிளம்பியதற்குச் சூதாட்டமே முதன்மைக் காரணம். அப்போது பயணிகள் கரையிறங்க அனுமதி கிடைக்கவில்லை. டிக்கெட்டில் அச்சான ஊரில் இறங்கியே தீருவோம் என்று உறுதி சொல்ல முடியாது என்பதற்கு இது நம் பக்கத்திலேயே நடந்த உதாரணம். 2025 ஜூலையில் அதே புதுச்சேரிக்குக் கப்பல் வந்தபோதும் கரையை ஒட்டி நிற்கவில்லை. 7 மீட்டர் ஆழ்ந்திருக்கும் கப்பலுக்கு அந்தத் துறைமுகத்தில் ஆழம் போதாது. கடலில் நங்கூரமிட்டு, சிறு படகுகளில் ஆட்களைக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். ஆடும் கப்பலிலிருந்து ஆடும் படகுக்குக் கால் வைப்பது முதியவர்களுக்குக் கடினம். பாட்டியை அழைத்துப் போகிறவர்கள், எந்த ஊரில் நேராக இறங்கலாம், எந்த ஊரில் படகு மாற வேண்டும் என்று கேட்டுக்கொள்வது அவசியம்.

பொதுவாக 6 மாதத்துக்குட்பட்ட குழந்தைகளையும் 24 வாரம் தாண்டிய கர்ப்பிணிகளையும் கப்பலில் ஏற்றுவதில்லை. நீச்சல் குளத்தருகே எல்லாக் கப்பல்களிலும் உயிர்காப்பாளர் நிற்பதில்லை. பிள்ளைகளைப் பெற்றோர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அந்த அரை மணி நேரம்

கப்பலில் ஏறியதும் ஓர் அவசரகாலப் பயிற்சிக்கு அழைப்பார்கள். ஏழு குறுகிய ஒலி, ஒரு நீண்ட ஒலி. கேட்டதும் ஒவ்வொருவரும் தமக்கென்று குறித்த இடத்தில் கூட வேண்டும். 2012 ஜனவரி 13 அன்று இத்தாலியக் கரையோரம் ‘கோஸ்டா கான்கார்டியா’ பாறையில் மோதிச் சாய்ந்தபோது 32 பேர் இறந்தார்கள். அன்று மாலை ஏறிய பயணிகள் பலருக்குப் பயிற்சி தந்திருக்கவில்லை. அதன் பிறகுதான், புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ பயிற்சி நடத்தியாக வேண்டும் என்று விதியை இறுக்கினார்கள். கைப்பேசியைப் பார்த்தபடி இதைக் கடத்திவிடாதீர்கள். குழந்தைகளுக்கென்று சிறிய அளவில் தனி லைஃப் ஜாக்கெட் உண்டு. அதைக் கேட்டு வாங்கிப் போட்டுப் பார்த்து, வாரைச் சரிசெய்து வைத்துவிட வேண்டும்.

கடல் தரும் விலை

2020 ஜனவரி முதல் கப்பல் எரிபொருளில் கந்தகம் 0.5 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது உலகளாவிய விதி. அதற்கு முன் 3.5 சதவீதம். முன்னேற்றம்தான். ஆனால் நம் ஊர் பெட்ரோல் பங்கில் விற்கும் பி.எஸ்.-6 டீசலில் அனுமதித்த கந்தகம் 0.001 சதவீதம், கப்பலுக்கு அதைப்போல் 500 மடங்கு. துறைமுகத்தில் நிற்கும்போதும் விளக்குக்கும் ஏ.சி.க்கும் ஜெனரேட்டர் ஓடியாக வேண்டும். கரையிலிருந்து மின்சாரம் கொடுக்காவிட்டால் அந்தப் புகை துறைமுகத்தைச் சுற்றி வாழும் மக்களுக்குத்தான் போகும். ஐகான் போன்ற புதிய கப்பல்கள் திரவ இயற்கை எரிவாயுவில் ஓடுகின்றன. கந்தகப் புகை ஏறக்குறைய இல்லை. ஆனால் எரியாமல் கசியும் மீத்தேன், கரியமில வாயுவைவிடப் பல மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைப்பது.

மரக்காணம் கடலில் வலை விரித்துப் பிழைப்பவர்களுக்கு அந்தக் கடல்தான் வயல். கப்பல்கள் தம் வழித்தடத்தை விட்டு விலகாமல் போகின்றனவா, கழிவு விதியைக் காக்கின்றனவா என்று கண்காணிப்பது அரசின் கடமை. அதைக் கேட்பது டிக்கெட் வாங்கும் நம் உரிமையும் கடமையும்.

போகலாமா?

போகலாம். முதல் முறை இரண்டு அல்லது மூன்று இரவுப் பயணமே போதும். உடம்புக்குக் கடல் ஒத்துக்கொள்கிறதா என்று தெரிந்துவிடும். ஜூன் முதல் செப்டம்பர்வரை தென்மேற்குப் பருவக்காற்று மேற்குக் கடலைக் கொந்தளிக்க வைக்கும். நம் கரை அப்போது காற்றுக்கு மறைவில் இருக்கும். மும்பைப் பக்கம் ஓடும் எம்பிரஸ் அந்த மாதங்களில் சென்னைக்கு வருவது அதனால்தான். அக்டோபர் முதல் டிசம்பர்வரை நம் கடலின் முறை. 2011 டிசம்பரில் தானே, 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் என்று புயல்களை நேரில் பட்ட விழுப்புரத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

உள்நாட்டுப் பயணத்துக்கு ஆதார், இலங்கைக்குப் பாஸ்போர்ட். வழக்கமான மாத்திரைகளை இரண்டு நாள் கூடுதலாகக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும், துறைமுகம் மாறினால் என்ன தருவார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். மூன்று தலைமுறை சேர்ந்து போகும் வீட்டுக்கு இந்தக் கப்பல் தரும் வசதியை வேறு வாகனம் தருவதில்லை. தனியாக, வேகமாக, ஊர்களைப் பார்க்க நினைப்பவர்களுக்கு ரயிலே மேல். யார் யார் உடன் வருகிறார்கள் என்று முதலில் எழுதிப் பாருங்கள். முடிவு அந்தப் பட்டியலிலேயே இருக்கும்.